படுத்துக்கொண்டே மலை ஏறியவர்கள்

1/
சைனீஸ் ரெஸ்டாரன்ட் சுவர்ல பாத்திருப்பீங்க. கருப்பு மையில ஒரு நீளமான படம். மேல மங்கலா மலை, நடுவுல புகை மாதிரி மேகம், கீழ ஒரு குட்டிப் படகு. "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு நூடுல்ஸ் பக்கம் திரும்பிடுவோம்.

அந்த வகைப் படம் முதன்முதல்ல எதுக்காக வரையப்பட்டதுன்னு தெரிஞ்சா அவ்வளவு சீக்கிரம் திரும்ப மாட்டீங்க. அந்தக் கதையின் தொடக்கத்துல இருக்கிறவர் ஒரு நோயாளி. அதனாலதான் டாக்டரான நான் இதை எழுதுறேன். கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுக்கிட்டு வாங்க.

2/
முதல்ல பேர். சீன மொழியில இதுக்கு 'ஷான்-ஷுய்'னு பேர். ஷான்னா மலை, ஷுய்னா தண்ணி. அவ்வளவுதான்.

பொருட்களும் எளிமைதான். பைன் மரத்தையோ எண்ணெய்யையோ எரிச்சு, அந்தப் புகைக்கரியை மிருகத் தோலில் இருந்து எடுத்த பசையோட பிசைஞ்சு, குச்சியாக் காயவெச்சது மை. அதைத் தண்ணி விட்டு ஒரு கல்லுல உரைக்கணும். தண்ணி அதிகமானா வெளிர் சாம்பல், குறைஞ்சா அட்டைக் கருப்பு. தூரிகை, பட்டு அல்லது காகிதம். அழிக்கிறதுக்கு வழியே இல்ல. வெச்ச கோடு வெச்சதுதான்.

3/
இப்ப அந்த நோயாளி. பேர் சோங் பிங். காலம் கி.பி. 375 முதல் 443 வரை. அரசாங்க வேலைக்குப் பல தடவை கூப்பிட்டும் போகாதவர். மலைப் பைத்தியம்னே சொல்லலாம். ஊர் ஊராப் போய் மலை ஏறுவாரு. ஹெங் மலையில குடிசை போட்டுத் தங்கியே பாத்தாரு.

ஆனா உடம்பு விடல. நோய் வந்து, தன் ஊரான சியாங்லிங்குக்கே திரும்ப வேண்டியதாப் போச்சு. முதுமையும் நோயும் ஜோடியா வந்துடுச்சு, இனிமே பேர்போன மலைகளை எல்லாம் பாக்க முடியாதுன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

4/
அப்ப அவர் என்ன பண்ணினாரு தெரியுமா? தான் நடந்த மலைகளை எல்லாம் தன் அறைச் சுவர்லயே வரைஞ்சுட்டாரு. 'சின்'னு ஒரு தந்திக் கருவி உண்டு. அதை வாசிச்சு, சுவர்ல இருக்கிற மலைகள் எல்லாம் எதிரொலிக்கணும்னு சொன்னாராம்.

இதுக்கு அவர் வெச்ச பேர் 'வோ-யோ'. வோன்னா படுத்திருக்கிறது. யோன்னா உலாவுறது. படுத்துக்கிட்டே உலாவுறது! கிட்டத்தட்ட 1,600 வருஷமா சீன ஓவிய உலகத்துல புழங்கிக்கிட்டு இருக்கிற சொல் இது. ஒரு படுக்கையறையில பிறந்த சொல்.

5/
சோங் பிங் மலை ஓவியம் பத்தி ஒரு சின்னக் கட்டுரையும் எழுதியிருக்காரு. மலை ஓவியத்துக்குன்னே எழுதப்பட்டதுல நமக்குக் கிடைச்சிருக்கிற மிகப் பழைய எழுத்துகள்ல அதுவும் ஒண்ணு.

அதுல ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குன்லுன் மலை எவ்வளவு பெருசு, கண்ணின் பாப்பா எவ்வளவு சிறுசு! மலை கண்ணுக்கு ஒட்டி இருந்தா அதன் உருவமே தெரியாது. பல மைல் தள்ளிப் போனா அந்த மலை முழுசும் அந்தக் குட்டிக் கண்ணுக்குள்ள அடங்கிடும்ங்கிறாரு. அப்படி மலை கண்ணுல அடங்கும்னா, ஒரு துண்டுப் பட்டுலயும் அடங்கும்தானே? இதுதான் அவர் வாதம்.

6/
அவர் வரைஞ்ச சுவர் ஒண்ணுகூட இன்னைக்கு இல்ல. ஆனா அந்த யோசனை பிழைச்சுக்கிச்சு. 600 வருஷம் தாண்டி வடக்கு சோங் அரசவைக்கு வருவோம்.

அங்க குவோ சின்னு ஒரு அரசவை ஓவியர். அவர் சொன்னதை எல்லாம் மகன் குவோ ஸி தொகுத்து வெச்சாரு. அதுல ஒரு கேள்வி: மனுஷன் ஏன் மலை ஓவியத்தை விரும்புறான்?

பதில் ரொம்ப நடைமுறையான பதில். எல்லாருக்கும் மலையில போய் இருக்க ஆசைதான். ஆனா அரசன் இருக்கான், அப்பா அம்மா இருக்காங்க, கடமை இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு ஓட முடியாது. அதனால நல்ல ஓவியர் கையால மலை வீட்டுக்கே வருது.

7/
கவனிச்சீங்களா? சோங் பிங்கைக் கட்டிப்போட்டது நோய். குவோ சி காலத்து அதிகாரியைக் கட்டிப்போட்டது உத்தியோகமும் குடும்பமும். ரெண்டு பேருக்கும் மருந்து ஒண்ணுதான்.

குவோ சி இன்னும் ஒரு படி போறாரு. மலை ஓவியங்கள் நாலு வகைங்கிறாரு. நடந்து போற மாதிரி இருக்கிறது, நின்னு பாக்குற மாதிரி இருக்கிறது, சுத்தித் திரியிற மாதிரி இருக்கிறது, குடியிருக்கிற மாதிரி இருக்கிறது. நாலும் நல்லதுதான். ஆனா கடைசி ரெண்டும்தான் உசத்தி. ஒரு ஓவியத்துக்கு மார்க் போடுறதுக்கு அவர் வெச்ச அளவுகோல் இது: இதுக்குள்ள போய் வாழ முடியுமா?

8/
இப்ப அவரோட 'இளவசந்தம்' ஓவியத்தைப் பாருங்க. வருஷம் 1072. பட்டுல வரைஞ்சது. சுமார் 158 செ.மீ. உயரம். தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்துல இருக்கு.

முதல் பார்வைக்குக் குழப்பமா இருக்கும். மலையை நாம எங்கிருந்து பாக்குறோம்னே புரியாது. கீழ இருந்து அண்ணாந்து பாக்குற மாதிரியும் இருக்கு, மேல நின்னு பள்ளத்தாக்கைப் பாக்குற மாதிரியும் இருக்கு, தூரத்துச் சமவெளியை நேராப் பாக்குற மாதிரியும் இருக்கு.

அது தப்பு இல்ல. 'மூன்று தொலைவுகள்'னு குவோ சி சொன்னதே இதைத்தான். உயரத் தொலைவு, ஆழத் தொலைவு, சமதளத் தொலைவு. ஒரே படத்துல மூணும் வரும்.

9/
ஐரோப்பிய ஓவியத்துல பின்னாடி வந்த முறையில, நீங்க ஒரு இடத்துல அசையாம நிக்கணும். கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில போய்ச் சேரும். ஜன்னல் வழியாப் பாக்குற மாதிரி.

ஷான்-ஷுய்ல நீங்க நிக்கக் கூடாது, நடக்கணும். நடக்கிறவனுக்குப் பார்வைக் கோணம் மாறிக்கிட்டேதானே இருக்கும்? அடிவாரத்துல அண்ணாந்து பாப்பான், உச்சியில குனிஞ்சு பாப்பான்.

10/
இதுல கொஞ்சம் உடற்கூறு சொல்லிடுறேன். நம்ம விழித்திரையில கூர்மையாப் பாக்குற பகுதி ரொம்பச் சின்னது. நடுவுல ஒரு குழி, அவ்வளவுதான். கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்க. அந்த நக அகலத்துக்கு ஏதோ கொஞ்சம் கூடுதலாத்தான் ஒரு நேரத்துல துல்லியமாத் தெரியும். மிச்சம் எல்லாம் மங்கல். அதனால கண் நொடிக்கு மூணு தடவை போல தாவிக்கிட்டே இருக்கு. தாவித் தாவிப் பாத்ததை மூளை தைச்சு ஒரே காட்சியாக் காட்டுது.

ஆக, எந்தப் படத்தையும் நாம ஒரே பார்வையில பாக்குறது கிடையாது. கண் எப்பவுமே நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. சீன ஓவியர்கள் அதுக்குப் பாதை போட்டுக் கொடுத்தாங்க.

11/
பாதையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு எளிய வழி சொல்றேன். மலையை விடுங்க. முதல்ல மனுஷனைத் தேடுங்க.

ஃபான் குவான்னு ஒருத்தர். கி.பி. 1000-ஐ ஒட்டின காலம். 'மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவே பயணிகள்'னு அவர் வரைஞ்ச ஓவியமும் தைப்பேலதான் இருக்கு. 2 மீட்டருக்கு மேல உயரம். அதுல பெரும்பகுதி ஒரே ஒரு மலை, நெஞ்சுல வந்து இடிக்கிற மாதிரி நிக்குது. வலது பக்கம் நூல் மாதிரி ஒரு அருவி.

இப்ப கீழ வலது மூலைக்கு வாங்க. எறும்பு சைஸ்ல பொதிக் கழுதைகள், ஓட்டிக்கிட்டுப் போற ஆட்கள். அவங்களைப் பாத்தப்புறம் திரும்ப மேல பாருங்க. மலை இன்னும் வளந்திருக்கும்.

12/
அந்தக் கழுதைகளுக்குப் பின்னாடி இருக்கிற இலைகளுக்கு நடுவுலதான் ஃபான் குவான் தன் கையெழுத்தை ஒளிச்சு வெச்சிருந்தாரு. அருங்காட்சியகத்துக்காரர் ஒருத்தர் அதைக் கண்டுபிடிச்சது 1958-ல. 900 வருஷத்துக்கு மேல எத்தனையோ பேரரசர்களும் ரசிகர்களும் பாத்த படம்!

மெதுவாப் பாக்குறவங்களுக்குன்னு இந்த ஓவியங்கள் எப்பவும் ஏதோ ஒண்ணை மிச்சம் வெச்சிருக்கும்.

13/
சரி, "படம் பாத்தா நோய் குணமாகுமா டாக்டர்?"னு கேப்பீங்க. கேக்கணும். அதுக்கும் ஒரு பழைய கேஸ் இருக்கு.

வருஷம் 1087. கவிஞர் சின் குவான். ரூனான்ங்கிற ஊர்ல பள்ளி அதிகாரியா இருந்தாரு. கோடையில குடல் நோய் வந்து படுத்துட்டாரு. அவர் சொல்ற வார்த்தையைப் பாத்தா வயித்துக்கடுப்பு வகைன்னு தோணுது. பாக்க வந்த நண்பர் ஆப்பிள், ஆரஞ்சு கொண்டு வரல. ஒரு ஓவியச் சுருளைக் கொண்டு வந்தாரு. "இதைப் பாரு, சரியாயிடும்"னாரு.

14/
அது 'வாங்சுவான்' ஓவியம். சாங்கான் நகரத்துக்குத் தெற்க, மலைகளுக்குள்ள இருந்த தன் தோட்ட வீட்டை டாங் காலத்துக் கவிஞர் வாங் வெய் வரைஞ்சது. மூலம் அழிஞ்சுபோச்சு, பிரதிகள்தான் இன்னைக்கு இருக்கு.

சின் குவான் ரெண்டு பசங்களைக் கூப்பிட்டு, தலையணை பக்கத்துல சுருளை விரிக்கச் சொன்னாரு. படுத்தபடியே பாத்தாரு. பாக்கப் பாக்க வாங் வெய் கூடவே அந்த மலைப் பாதையில நடக்கிற மாதிரி ஆயிடுச்சாம். ஒவ்வொரு இடமாத் தாண்டிப் போறாரு. தேநீர் குடிக்கிறாங்க, காய் நகர்த்தி விளையாடுறாங்க, கவிதை சொல்லிக்கிறாங்க. தன் உடம்பு ரூனான்ல கட்டுண்டு கிடக்குங்கிறதே மறந்துபோச்சுன்னு எழுதியிருக்காரு. சில நாள்ல குணமாயிட்டாரு.

15/
டாக்டரா நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிடுறேன். இந்த மாதிரி வயித்து நோய்கள்ல பலது சில நாள்ல தானாவே சரியாயிடும். அதனால ஓவியம்தான் குணப்படுத்துச்சுன்னு இதை வெச்சு முடிவு பண்ண முடியாது. உங்க வீட்டுல யாருக்காவது வயித்துப்போக்குன்னா ஓ.ஆர்.எஸ். கொடுங்க. ரத்தம் போனா, காய்ச்சல் இருந்தா, சிறுநீர் குறைஞ்சா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சுருளை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காராதீங்க.

ஆனா அந்தச் சில நாள் அவர் எப்படிக் கிடந்தாரு? அது தனிக் கணக்கு. நோய் அதன் போக்குல போகும்போது நோயாளி எங்க இருந்தாரு? அவர் வாங்சுவான்ல இருந்தாரு.

16/
இது வெறும் பழங்கதையான்னா, இல்ல. 1984-ல 'சயின்ஸ்' இதழ்ல ரோஜர் உல்ரிச் ஒரு ஆய்வு வெளியிட்டாரு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவுல ஒரு ஆஸ்பத்திரி. பித்தப்பை அறுவை சிகிச்சை செஞ்ச 46 பேரோட பதிவேடுகள். 23 பேருக்கு ஜன்னல் வழியா மரங்கள் தெரிஞ்சது. 23 பேருக்குத் தெரிஞ்சது செங்கல் சுவர்.

மரம் பாத்தவங்க சராசரியா 7.96 நாள்ல வீட்டுக்குப் போனாங்க. சுவர் பாத்தவங்க 8.70 நாள். வலுவான வலி மருந்தும் மரம் பாத்தவங்களுக்குக் குறைவாத்தான் தேவைப்பட்டுச்சு. சின்ன ஆய்வு, பழைய பதிவேடுகளை வெச்சுப் பண்ணினது. அதனால ரொம்பத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆனா ஆஸ்பத்திரி கட்டுறவங்க ஜன்னலைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

17/
இப்ப இந்த இழையின் முக்கியமான ஆளுக்கு வருவோம். ஹுவாங் கோங்வாங். பிறப்பு 1269. அவர் சின்னப் பையனா இருந்தப்பவே சோங் அரசு விழுந்து மங்கோலியர் ஆட்சி வந்துடுச்சு. தென்பகுதிப் படிப்பாளிகளுக்குப் பெரிய பதவி எல்லாம் எட்டாக்கனி. இவர் குமாஸ்தா வேலைதான் பாத்தாரு.

1315 வாக்குல மேலதிகாரி ஊழல் வழக்குல மாட்டினாரு. கூடவே இவரையும் ஜெயில்ல போட்டாங்க. வெளிய வந்தப்போ வயசு 50-ஐ நெருங்கிடுச்சு, உத்தியோகம் போச்சு. தாவோ துறவியானாரு, குறி சொல்லிப் பிழைச்சாரு. தனக்குத் தானே வெச்சுக்கிட்ட பேர் 'மகா அசட்டுத் துறவி'. தீவிரமா ஓவியம் வரைஞ்சதெல்லாம் இதுக்கப்புறம்தான்.

18/
1347-ல, 80 வயசை நெருங்குறப்போ, ஃபூசுன் மலைக்குப் போறாரு. இன்னைக்கு ஹாங்சோ நகரத்துக்குத் தென்மேற்குல இருக்கு. அங்க ஒரு நீளச் சுருளை ஆரம்பிக்கிறாரு, வூயோங்ங்கிற சக துறவிக்காக. வூயோங்னா 'பயனில்லாதவன்'னு பொருள். மகா அசடு, பயனில்லாதவனுக்கு வரைஞ்சு கொடுத்த படம்!

மொத்த அமைப்பையும் ஒரே மூச்சுல போட்டுட்டாரு. அப்புறம் தோணுறப்போ எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாச் சேத்தாரு. மூணு வருஷம் ஆகியும் முடியல. வூயோங்குக்குப் பயம் வந்துடுச்சு. யாராவது ஏமாத்தியோ பிடுங்கியோ கொண்டு போயிடுவாங்க, இது யாருக்குன்னு இப்பவே எழுதிடுங்கன்னு கேட்டுக்கிட்டாரு. 1350-ல ஹுவாங் எழுதின அந்தக் குறிப்பு சுருள்லயே இருக்கு.

19/
இதைப் பாக்குற முறை வேற. சுவர்ல மாட்டுற படம் இல்ல இது. கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம், உயரம் ஒரு அடிக்குச் சற்றே மேல. மேஜையில வெச்சு, வலதுல இருந்து இடதா, ரெண்டு கை அகலத்துக்கு விரிக்கணும். பாத்த பகுதியைச் சுருட்டிக்கிட்டே அடுத்ததை விரிக்கணும். கடந்து வந்த பாதை பின்னாடி மறைஞ்சிடும், முன்னாடி என்ன வரும்னு தெரியாது.

மலை வரும், சரியும். ஆறு வரும். ஒரு குடில், படகுல தூண்டிலோட ஒரு ஆள். அப்புறம் வெறும் காகிதம் மட்டும் கொஞ்ச தூரம். அது ஆறு. ஒரு துளி மை இல்லாம தண்ணி ஓடுது. மலைச் சரிவை எல்லாம் நார் பிரிச்சுப் போட்ட மாதிரி நீளமான, சோம்பலான கோடுகள்ல வரைஞ்சிருப்பாரு. அவசரமே கிடையாது. 80 வயசு மனுஷனின் நடை வேகம் அது.

20/
வூயோங் பயந்தது வீண் போகல. சுருள் கை மாறிக்கிட்டே இருந்துச்சு. மிங் காலத்துல ஷென் சோ-ன்னு பெரிய ஓவியர்கிட்ட இருந்தப்போ, குறிப்பு எழுதித் தரச் சொல்லி ஒருத்தர்கிட்ட கொடுத்தாரு. அந்த ஆளோட மகன் அதை வித்துட்டான். திரும்ப வாங்கக் கையில காசு இல்ல. 1487-ல ஷென் சோ ஞாபகத்துல இருந்தே முழுச் சுருளையும் வரைஞ்சாரு. அது இன்னைக்கு பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்துல இருக்கு.

எத்தனை தடவை அந்த மலையில 'நடந்திருந்தா' அது சாத்தியம்னு யோசிச்சுப் பாருங்க.

21/
அப்புறம் 1650. சுருள் வூ ஹோங்யூங்கிறவர்கிட்ட இருந்துச்சு. மிங் அரசு விழுந்த கலவரத்துல ஊரை விட்டு ஓடினப்போ மத்ததை எல்லாம் விட்டுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனவர்னு குறிப்பு இருக்கு. இப்ப மரணப் படுக்கை. என்கூடவே இதையும் அனுப்பிடுங்க, எரிச்சிடுங்கன்னு சொல்லிட்டாரு.

நெருப்புல போட்டாங்க. அவர் கண்ணை எடுத்த நேரம் பாத்து, அண்ணன் தம்பி வழியில வந்த ஒரு பையன் பாய்ஞ்சு சுருளை இழுத்துட்டு, வேற ஒரு சுருளை உள்ள போட்டுட்டான். ஆனா முன்பகுதி கருகிடுச்சு. சுருள் ரெண்டாச்சு.

22/
இந்த மனுஷனைத் திட்டாதவங்க கிடையாது. சுயநலம்தான், மறுக்கல. ஆனா கடைசிப் படுக்கையில இருக்கிறவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். ஒரு துணி, ஒரு போட்டோ, ஒரு சாவிக்கொத்துன்னு எதையாவது கையிலயே வெச்சிருப்பாங்க. வாங்கினா விட மாட்டாங்க. வூ ஹோங்யூவுக்கு அது ஒரு மலை. போற இடத்துலயும் நடக்கிறதுக்கு அவருக்கு அது வேணும்னு இருந்திருக்கு.

23/
ரெண்டு துண்டுக்கும் ரெண்டு விதி. சின்னத் துண்டு 51.4 செ.மீ., 'எஞ்சிய மலை'ன்னு பேர். 1956-ல செஜியாங் மாகாண அருங்காட்சியகத்துக்கு வந்துச்சு.

பெரிய துண்டு சுமார் 637 செ.மீ. சியென்லோங் சக்கரவர்த்தி அரண்மனைக்குப் போச்சு. அங்க ஒரு வேடிக்கை. 1745-ல அவருக்கு ஒரு போலிச் சுருள் கிடைச்சது. அதுதான் அசல்னு நம்பி 50-க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதித் தள்ளி, இடமே இல்லாமப் பண்ணிட்டாரு. அடுத்த வருஷம் அசல் வந்துச்சு. "இது போலி"ன்னு எழுத வெச்சு உள்ள போட்டுட்டாரு. அந்தத் தப்பாலதான் அசல் சுத்தமாத் தப்பிச்சது!

24/
1933-ல ஜப்பான் படைக்குப் பயந்து அரண்மனைப் பொக்கிஷங்கள் பெய்ஜிங்கை விட்டுக் கிளம்பின. உள்நாட்டுப் போர் முடியிற நேரத்துல அதுல ஒரு பகுதி தைவானுக்குப் போச்சு. பெரிய துண்டும் அதுல ஒண்ணு.

ஆக, ஒரே மலை, நடுவுல கடல், ரெண்டு அரசுகள். 2011 ஜூன்ல தைப்பேல ஒரு கண்காட்சிக்காக ரெண்டு துண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க. 361 வருஷத்துக்கு அப்புறம்! கண்காட்சி முடிஞ்சதும் அது அது அதன் ஊருக்குத் திரும்பிடுச்சு.

25/
இனி நீங்க. தைப்பே அருங்காட்சியகம் தன் ஓவியங்களின் படங்களை இணையத்துல வெச்சிருக்கு. பெருசாக்கிப் பாக்கலாம். மூணு விஷயம் மட்டும் செய்யுங்க.

ஒண்ணு, முழுப் படத்தையும் ஒரே ஸ்க்ரீன்ல பாக்காதீங்க. வலது ஓரத்துல ஆரம்பிச்சு நகத்துங்க. ரெண்டு, மனுஷனைத் தேடுங்க, அவன் போற பாதையில போங்க. மூணு, ஒண்ணுமே வரையாத இடத்துல கொஞ்சம் நில்லுங்க. 10 நிமிஷம் போதும்.

26/
கடைசியா, டாக்டரா ஒரு வேண்டுகோள். பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, முதுமைன்னு மாசக்கணக்குல படுக்கையில இருக்கிறவங்க இல்லாத தெரு இல்ல. மருந்து கொடுக்கிறோம், புண் வராமத் திருப்பிப் படுக்க வைக்கிறோம், சாப்பாடு ஊட்டுறோம். எல்லாம் சரி. ஆனா அவங்களுக்கு நாள் முழுக்கத் தெரியிறது மேல சுத்துற ஃபேன் மட்டும்தான்.

கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்ப முடியுமான்னு பாருங்க. முடியலன்னா, அவங்க கண்ணுக்கு நேரா ஒரு படம் மாட்டுங்க. சீன ஓவியமாத்தான் இருக்கணும்னு இல்ல. அவங்க நடந்த ஊர், அவங்க வயல், அவங்க போன கோயில் பாதை, எதுவா இருந்தாலும் சரி. உள்ள போய் நடக்கிற மாதிரி ஒரு வழி அதுல இருக்கணும், அவ்வளவுதான்.

இன்னைக்கு ராத்திரி அவங்க பக்கத்துல அஞ்சு நிமிஷம் படுத்துப் பாருங்க. அங்கிருந்து என்ன தெரியுதுன்னு பாத்துட்டு, படம் எங்க மாட்டலாம்னு முடிவு பண்ணுங்க.